புரையேறிய கார்

அந்தக் காருக்கு முதன்முதலில் புரையேறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. ஆபரேட்டரம்மா அப்போது அதன் கூரைமேல் ஈர உப்புத்தாளை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கும்போது மனிதருக்கு மூச்சு முட்டி எப்படி இருமல் வருமோ அப்படியே கார் இருமியது. தலையில் தட்டிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா புரையேறுது?" என்று கேட்டார். "காருக்கு" என்றாள் அவள். "கொஞ்சம் தண்ணி காட்டுங்க, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

ஆபரேட்டரம்மாவைப் பற்றி ஊரில் இரண்டு செய்திகள் பிரசித்தம். முப்பத்தோரு வருஷம் மில்லின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து பாதி ஊரின் ரகசியத்தைக் காதில் வாங்கியவள், அதில் ஒரு சொல்லையும் வெளியே விட்டதில்லை என்பது முதல் செய்தி. ஒருவர் ஹலோ சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சை வைத்தே ஆள் யார், இன்று வீட்டில் சண்டையா சமாதானமா என்று கண்டுபிடித்துவிடுவாள். தனக்குச் செய்யப்பட்ட கெடுதல் எதையும் அவள் மறந்ததாகச் சரித்திரமே இல்லை என்பது இரண்டாவது. மற்றவர்கள் ஊறுகாய் போட்டு வைப்பதுபோல அவள் கோபத்தைப் போட்டு வைப்பாள். நாள் ஆக ஆக ருசி ஏறும். மூன்றாம் வகுப்பில் தன் பென்சிலை உடைத்தவளின் கல்யாணத்துக்குப் போய், மணப்பெண்ணின் காதோரம் குனிந்து அந்தப் பென்சிலை நினைவுபடுத்திவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவளின் வாசலில் ஒரு பெண் தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காறித் துப்பிவிட்டு வேலைக்குப் போனாள். ஆபரேட்டரம்மாவும் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக இது நடந்தது.

துப்பியவள் டிங்கர்காரரின் மனைவி. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர்காரர், ஆபரேட்டரம்மாவின் தம்பி வேலை பார்த்த பெயிண்ட் பட்டறையில்தான் இருந்தார். பட்டறை இரண்டு பாகம். முன்பாகத்தில் தம்பி கன் பிடித்துப் பெயிண்ட் அடிப்பான். பின்பாகம் டிங்கர் வேலைக்கு. நடுவில் ஓர் இரும்புக் கதவு. ஆபரேட்டரம்மா தன் பழைய காரைக் கருநீலம் அடிக்கச் சொல்லி அங்கே விட்டிருந்தாள். அதற்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் பின்பாகம் தீப்பிடித்தது. ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த டிங்கர்காரர் வெளியே வரவில்லை. ஈரம் காயாத காரை மட்டும் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதன்மேல் தூசியும் கரியும் படிந்தன. கன் பிடிக்கிற பையன்தான் பீடி பிடித்துத் துண்டை உள்ளே எறிந்தான் என்று முதலாளி கோர்ட்டில் சொன்னார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று முதலாளி சொன்னாலும் ஆமாம் போடக்கூடிய மூன்று பேர் அதற்குச் சாட்சி சொன்னார்கள். தன் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை என்று தம்பி சொன்னதையோ, அதற்குமேல் சொல்ல வந்ததையோ யாரும் எழுதிக்கூடக் கொள்ளவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றது ஊர். தீ விபத்துக்கு இப்படி ஒரு பழமொழியைத் தேடிப் பிடித்துச் சொன்ன ஊர் அது.

ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்த தம்பி, அக்கா வீட்டுப் பக்கவாட்டு அறைக்குள் போனான். பிறகு வெளியே வரவில்லை, பேசவும் இல்லை. தெருவில் அவனுக்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். ஜெயில்தான் அவன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டது என்று ஊரார் நினைத்தார்கள். உண்மை ஆபரேட்டரம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். தீர்ப்புக்கு முந்தின நாள், கோர்ட் வராந்தாவில், யாரும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லு தம்பி, நீ பிடிச்சியா?" என்று கேட்டாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்த நிமிஷத்திலிருந்துதான் அவன் பேச்சு நின்றது.

கார் பதினோரு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகவில்லை; வெறும் கையைப் பார்த்தால் யார் கழுத்தையாவது நெரிக்கத் தோன்றுகிறது என்று ஆபரேட்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். எனவே கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று தார்ப்பாயை உருவினாள். நிறம் நன்றாகத்தான் இருந்தது. நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல அடிக்கும் கிளியர் என்ற பூச்சுதான் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாகக் காய்ந்திருந்தது. அதைத் தேய்த்துச் சமமாக்கிப் பாலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம் என்று கைபேசியில் பல தேசத்து ஆண்கள் வீடியோ போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னபடி ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம் நம்பர் உப்புத்தாள்களை வாங்கினாள். ஒரு துளி சோப்பு விட்ட தண்ணீரில் ஊறப்போட்டாள். ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு கதவின்மேல் இரண்டு மாதம் பழகினாள். முதல் நாளே கதவின் விளிம்பில் கிளியரைத் தாண்டிப் பெயிண்டையும் தாண்டித் தகரத்தைப் பார்த்துவிட்டாள். கிளியரின் கனம் ஒரு தலைமுடி அளவுகூடக் கிடையாது. விளிம்பில் அதிலும் பாதி. தாளிலிருந்து வழியும் தண்ணீர் பால்போல வெள்ளையாக இருக்கும்வரை நல்லது, நிறம் கலந்து வந்தால் காரியம் கெட்டது என்று பட்டுத் தெரிந்துகொண்டாள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பக்கவாட்டு அறையின் சன்னலும் பேச ஆரம்பித்தது. தாள் காய்ந்து கரகரக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து விரல் கணு ஒரு தட்டுத் தட்டும். தண்ணீர் ஊற்று என்று அதற்கு அர்த்தம். ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் இரண்டு தட்டு. நிறுத்து என்று அர்த்தம். முகத்தைக் காட்டமாட்டான், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். அக்காவும் தம்பியும் பதினோரு வருஷத்தில் நடத்திய முதல் உரையாடல் இதுதான். இரண்டே சொற்கள் உள்ள அந்தப் பாஷையில் அவள் தினமும் திட்டு வாங்கினாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இப்படிப் பழகி முடித்துக் காரின் கூரையில் கை வைத்த முதல் நாள்தான் புரையேறியது. இருமல் அடங்கியதும் கார் சிரித்தது. பிறகு டிங்கர்காரரின் குரலில், "வீட்ல என்னை நினைக்கிறா போல. காலையில சண்ட போட்டுட்டு வந்தேன். சாயங்காலம் போனதும் அவகிட்ட தோத்துரணும்ப்பா, முடியல" என்றது. குரல் யாருடையது என்பதில் ஆபரேட்டரம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மில்லுக்கு அந்த மனிதர் நான்கே முறைதான் போன் செய்திருக்கிறார், அது போதும். அதே இடத்தில் மறுபடி தேய்த்தாள். வெறும் தாள் சத்தம். குரல் வெள்ளைத் தண்ணீராகக் கதவு வழியே இறங்கிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளியர் ஈரமாக இருக்கும்போது தூசி விழுந்தால் ஒட்டிக்கொள்கிறது, கொசு விழுந்தால் ஒட்டிக்கொள்கிறது, சொல் விழுந்தால் ஒட்டாதா என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். கன் எந்த இடத்தில் ஓடியதோ அந்த இடத்தில் அந்த நேரத்துப் பேச்சு படிந்திருந்தது. தேய்த்தால் ஒரே ஒரு தடவை கேட்கும், அதோடு சரி. டிங்கர்காரரின் மனைவி கேட்டிருக்க வேண்டிய பேச்சு இது என்று ஆபரேட்டரம்மாவுக்குப் புரிந்தது. காலையில் கழுவிவிட்ட எச்சிலின் ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை. இவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும், கிடக்கட்டும் என்று அந்தச் செய்தியை மற்ற ஊறுகாய்களோடு சேர்த்து மூடி வைத்தாள். எண்ணிப் பார்த்தால் பதினோரு வருஷத்தில் அவள் அனுபவித்த முதல் பழிவாங்கல் அதுதான், நன்றாகவே இனித்தது.

பானெட்டை ஒரு வியாழக்கிழமை தேய்த்தாள். பாதி தூரம் போனதும் தம்பியின் குரல் வந்தது. உடையாத, இளசான, பழைய குரல். "அண்ணே, அங்க வேணாம்ணே, தின்னர் டின்னு தொறந்து கெடக்கு, பத்திக்கும்." அதற்கு முதலாளி, "எனக்கே பாடமாடா? கன்னைப் பாத்துப் பிடி" என்றார். தீக்குச்சி உரசும் சத்தம், பீடியை இழுக்கும் சத்தம், ஒரு செருமல். அவ்வளவுதான். தாளை உதறிவிட்டு அவள் காதைப் பானெட்டில் வைத்தபோது அது மொழுமொழுவென்று, ஒன்றுமே தெரியாததுபோல் இருந்தது. பதினோரு வருஷம் தேடியிருந்தால்கூடக் கிடைத்திருக்காத சாட்சியைத் தன் கையாலேயே தேய்த்துச் சாக்கடையில் விட்டிருந்தாள். குடத்தில் சாக்கடைத் தண்ணீரைப் பிடித்து அடுக்களைக்குக் கொண்டுபோனாள். வடிகட்டினாள், காதருகே வைத்துக் குலுக்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துப் போய்ச் சன்னலுக்கு வெளியே நின்றாள். வராந்தாவில் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தப் பாஷையிலும் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. விரல் கணுவால் சன்னலை இரண்டு தட்டுத் தட்டினாள்.  தண்ணீர் ஊற்று, வேலையைப் பார் என்பதுபோல உள்ளேயிருந்து ஒரு தட்டுக் கேட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் அவளை மரியாதையாக உட்காரவைத்து, கார் அதை இன்னொரு தடவை சொல்லுமா என்று கேட்டார்கள்; சொல்லாது என்றாள்; அவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனாள். அவர் இப்போது மூன்று கிளைக்கு முதலாளி, வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். வருஷாவருஷம் தீத்தடுப்பு நாளன்று மைதானத்தில் மேடை போட்டு, பட்டறைக்காரர்களுக்குப் புத்திமதி சொல்லி, டிங்கர்காரரின் மனைவியை மேடையேற்றி ஊரார் முன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, அவர் அந்தச் சோற்றை ஊருக்கே பரிமாறியவர். கண்ணாடி அறைக்குள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "தனியா இருந்தா அப்படித்தான் ஆபரேட்டரம்மா, மிக்ஸிகூடப் பேசும். நல்ல டாக்டராப் பாருங்க" என்றார். அவள் எழுந்து கதவுவரை வந்துவிட்டாள். அப்போது அவர் பின்னாலிருந்து, சும்மா கேட்பதுபோல, "டிக்கியும் தேச்சாச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முன் அவர் இழுத்த மூச்சு ஆபரேட்டரம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. கன் முதலில் கூரைக்கும் பிறகு பானெட்டுக்கும் பக்கங்களுக்கும் போய், கடைசியில் டிக்கிக்கு வரும். தீப்பிடித்தது டிக்கி அடிக்கும்போது. "இல்லீங்க, அது பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் படியிறங்கினாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சிரித்த முகமாக இருந்ததைப் பார்த்தவர்கள், யாருக்கோ கெட்ட காலம் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் முழுக்க, டீக் கணக்கைத் தவிர வேறொன்றும் பேசாத மற்ற பாகங்களைத் தேய்த்து, மூன்று விதப் பாலிஷ் போட்டு, பறக்கும் காக்கையின் வாயில் இருப்பது என்ன என்று தெரியும் அளவுக்குப் பளபளக்க வைத்தாள். டிக்கி மட்டும் ஆரஞ்சுத் தோலாக, கரிப்பொட்டுகளோடு அப்படியே இருந்தது. பிறகு மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு எஞ்சினையும் ஓட வைத்து, தினமும் காலை ஒன்பது மணிக்குக் காரைக் கொண்டுபோய், முதலாளியின் கண்ணாடி அறைக்கு எதிரே, டிக்கி அவரைப் பார்க்கும்படி நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளியில் தண்ணீர் வைத்து, உப்புத்தாளை ஊறப்போட்டாள். பதினோரு மணிக்குத் தாளை எடுத்துப் பிழிந்து, ரப்பர் கட்டையில் சுற்றி, டிக்கியின்மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடிப்பாள். முதலாளியைப் பார்ப்பாள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவள்போல மறுபடி வாளிக்குள் போட்டுவிடுவாள். மாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். இதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருஷமும் நாலு மாதமும் இதைச் செய்தாள்.

முதலாளி முதலில் திரை போட்டார். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ என்று தாங்காமல் மூன்றாம் நாள் தானே விலக்கிவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிடரியில் வெயில் அடிப்பதுபோல இருக்கிறது என்று திரும்ப உட்கார்ந்தார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார் கொடுத்தார். அளந்து பார்த்தவர்கள் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் அனுப்பி, பழசுக்கு மேலேயே புதுக் கிளியர் இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். சமாதிமேல் கல் வைக்கக் கூப்பிடுகிறாரா என்று ஆபரேட்டரம்மா கேட்டனுப்பினாள். ஒருநாள் அவள் மாத்திரை வாங்கப் போன பத்து நிமிஷத்தில் அவருடைய ஆள் ஒருவன் தேய்க்கும் மிஷினோடு வந்து டிக்கியின் இடது மூலையில் வைத்தான். மிஷின் வேகத்தில் சொற்கள் கொசு ரீங்காரம் மாதிரி கீச்சென்று வந்தன. நடுவில் யாரோ அலறியதுபோலக் கேட்டு, அவன் மிஷினைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். அதற்குப் பிறகு அவள் மாத்திரையைக் கூடவே கொண்டுவந்தாள். முதலாளிக்குத் தலைமுடி கொட்டியது, பசி போனது. யாராவது எந்தச் சாமானையாவது தேய்த்தால், சுவரில் நாற்காலி உரசினால்கூட, எழுந்து நின்றார். அதை ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து ஆபரேட்டரம்மாவுக்கு உடம்பு தேறியது. இரண்டு சுற்றுப் பருத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

மறுபடி தீத்தடுப்பு நாள் வந்தது. அன்று காலை அவள் காரைக் கிளப்பும்போது பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். தம்பி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். அவள் வண்டியை மைதானத்துக்கு விட்டாள். மேடையில் முதலாளியும், வழக்கம்போல டிங்கர்காரரின் மனைவியும் இருந்தார்கள். தொண்ணூறு பேருக்கு மேல் கூட்டம். முதலாளி பேசி முடித்ததும் ஆபரேட்டரம்மா காரை மேடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். "இந்தக் காரு பேசுமா பேசாதான்னு ஊரே கேக்குது. நான் கத்துக்குட்டி, நான் தேச்சா நம்பமாட்டாங்க. இந்த ஊர்ல உப்புத்தாள் பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளு பொறக்கலன்னு சொல்லுவீங்களே, நீங்களே எறங்கி வந்து தேச்சுக் காட்டுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது, பிறகு வாங்க வாங்க என்று கூப்பிட்டது. முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். வறட்டுத் தாளை வைத்து முரட்டுத்தனமாக நான்கு இழுப்பு இழுத்தால் சொல் எல்லாம் பொடியாகிவிடும், ஒருவருக்கும் ஒன்றும் புரியாது, அதோடு டிக்கியும் ஒழிந்தது. ஒரு வருஷம் நாலு மாதமாகத் தன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததை இவளே தன் கையில் கொண்டுவந்து வைக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

வாளியைக் காலால் ஒதுக்கினார். "தண்ணி எதுக்கு, தொழில் தெரியாதவனுக்குத்தான் தண்ணி" என்றார். புதுத் தாள் ஒன்றை எடுத்து வறட்டுக் கையோடு அழுத்தி இழுத்தார். பல் கூசும் ஒரு கிறீச்சல், அதற்குள் உடைந்த குரல்கள். தகரத்தைத் தகரத்தால் கிழிப்பதுபோல இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். இரண்டாம் இழுப்பு.  தான் செய்தது என்ன என்று அப்போதுதான் ஆபரேட்டரம்மாவுக்கு உறைத்தது. தன் கோபத்தின் ஆசைக்குத் தம்பியின் கடைசிச் சாட்சியைக் கொண்டுபோய் அவனைக் கெடுத்தவன் கையிலேயே கொடுத்திருந்தாள். மூன்றாம் இழுப்புக்குத் தாள் மேலே வந்தபோது பின்கதவு திறந்தது. தம்பி இறங்கி வாளியை எடுத்தான். "தண்ணி" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. சொல்லிவிட்டு, டிக்கியின் மேல்விளிம்பிலிருந்து சீராக, கன் பிடித்த கையின் அதே நிதானத்தோடு, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பிறகு நடந்ததற்கு முதலாளியின் கைதான் பொறுப்பு. முப்பத்தைந்து வருஷம் ஈரத் தாள் பிடித்த கை அது. தாளுக்கடியில் தண்ணீர் ஓடியதும் அது எஜமான் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அழுத்தம் தானாகக் குறைந்தது, மணிக்கட்டு இளகியது, தாள் நேர்கோட்டில், அளந்த வேகத்தில், போகவும் வரவும் ஆரம்பித்தது. அவ்வளவு நல்ல வேலையை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைத் தண்ணீர் வழிய, டிக்கி கோயில் மணிபோலத் தெளிவாகப் பேசியது. "கதவச் சாத்துடா!" இது முதலாளி. "அண்ணே, உள்ள டிங்கர் அண்ணன் வண்டிக்கு அடியில இருக்காருண்ணே!" இது தம்பி. "இருந்தா இருக்கட்டும். தீ இந்தப் பக்கம் வந்தா மிஷின் போயிரும். சாத்துடான்னா! விடு, நானே சாத்துறேன்." பிறகு இரும்புக் கதவு இழுபடும் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம். அதற்கப்புறம் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம், முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு.

தட்டுவது நின்ற பிறகும் முதலாளியின் கை நிற்கவில்லை. வெள்ளைத் தண்ணீர் நீலமானது, நீலம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது, அதுவும் போய்த் தகரம் தெரிந்தது. நிறுத்துங்க என்று அவரே தன் கையைப் பார்த்துக் கத்தினார். நான்கு பேர் பிடித்து இழுத்துக் காரிலிருந்து பிரித்தார்கள். கை காற்றில் தேய்த்துக்கொண்டிருந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்றார் கூட்டத்தில் ஒருவர். பலர் கைபேசியில் படம் பிடித்திருந்தார்கள், அதில் எல்லாம் தாள் தேய்க்கும் சத்தம் மட்டுமே பதிவாகியிருந்தது. ஆனாலும் சாட்சிக்குப் பஞ்சம் வரவில்லை. சொன்னால் கை நின்றுவிடும் என்று நினைத்து அவரே போலீஸிடம் ஒன்று விடாமல் சொன்னார். நிற்கவில்லை. ஜெயிலில் அவர் இருக்கும் அறையின் சுவர் இப்போது முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. முதலில் பயந்த அதிகாரிகள் பிறகு பாத்திரங்களைக் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள், ஜெயில் அடுக்களை சுத்தமாக இருக்கிறதாம். ஆபரேட்டரம்மா மாதம் ஒருமுறை மனுப்போட்டு உள்ளே போய், கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வருகிறாள். 

அன்று மைதானத்தில் கூட்டம் கலைந்த பிறகு டிங்கர்காரரின் மனைவி மேடையிலிருந்து இறங்கிக் காரிடம் வந்தாள். தம்பியின் முன்னால் நின்று கைகூப்பினாள். அவன் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். பிறகு ஆபரேட்டரம்மாவைப் பார்த்து, "வேற எங்கயாவது அவரு குரல் இருந்துச்சாம்மா? ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷத்து எச்சில் ஆபரேட்டரம்மாவின் தொண்டைக்குள் எழுந்து நின்றது. "இல்ல" என்றாள். பழகிய வாய், கூசாமல் சொல்லிவிட்டது.

அடுத்த நாளிலிருந்து யாரும் வாசலில் துப்பவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஆபரேட்டரம்மா பழக்கத்தில் வாளியோடு வாசலில் நின்று, கழுவ ஒன்றும் இல்லாமல் திரும்பினாள். எட்டாம் நாளில் அவளுக்கே புரையேற ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் ஏறியது, குடிக்காவிட்டாலும் ஏறியது. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, ஏதோ சொல் ஒன்று குறுக்கே நிற்கிறது, நீங்களாகத் துப்பினால்தான் உண்டு என்றார். தம்பி அப்போது நிறையப் பேச ஆரம்பித்திருந்தான். அக்கா இருமுவதை மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள், தன் அறையின் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்று டிங்கர்காரரின் மனைவியை நிறுத்தினாள். முப்பத்தோரு வருஷம் பேசிய குரலில், "உங்களுக்கு ஒரு போன் வந்திருந்துது. ரொம்ப நாளாச்சு. நான்தான் கனெக்‌ஷன் குடுக்கல, என்மேல தப்பு" என்றாள். மேற்கொண்டு அவள் வாயைத் திறந்தபோது வந்தது டிங்கர்காரரின் குரல். முதலில் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, சிரித்து, பிறகு சண்டையைச் சொல்லி, சாயங்காலம் போனதும் அவகிட்ட தோத்துரணும் என்று முடித்தது. அந்தப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்றாள். காரின் சொற்கள் ஒரே ஒரு தடவைதான் கேட்கும். ஆபரேட்டரம்மாவின் தொண்டையில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கவில்லை.

தம்பி இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். கிளியர் அடிக்கும்போது அங்கே யாரும் பேசக்கூடாது. அக்காவின் டிக்கியில் தகரம் தெரிந்த இடத்தில் துரு ஏறிவிட்டது. பூசித் தருகிறேன் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் அவள் விடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த வாசலில் ஓர் ஆண் இருமுவதும் சிரிப்பதும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து பால் வாங்கப் போகிறார். டிங்கர்காரரின் மனைவி கடைசிச் சொல்வரை நின்று கேட்டுவிட்டு, "சரி, வாங்க" என்று சொல்லி வேலைக்குப் போகிறாள்.